பெகு வயல்வெளியில் ஒரு மண் அடுப்பு

“பாலூத்துற புத்துல போய் மண்வெட்டி வைக்கிறதா? நல்லா இருக்கே!”

அத்தை தமிழில்தான் சொன்னார். விறகும் புகையும் குறையும்படி அடுப்பு கட்டச் சொல்லிக்கொடுக்க ரங்கூனிலிருந்து வந்திருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பர்மியத்தில் எடுத்துச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. அவள் கேட்டதில் தப்பில்லை. கறையான் புற்று மண் நன்றாக ஒட்டும், லேசில் வெடிக்காது. எத்தனையோ நாடுகளில் அடுப்புக்கு அதைத்தான் வெட்டியெடுக்கிறார்கள். ஆனால் பர்மாவில் பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் புற்று என்றால் அம்மன். வேலியோரப் புற்றுக்கு மஞ்சள் தடவி, பூச்சரம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் அடுப்பு கட்டி ஙப்பி என்னும் புளித்த மீன் விழுதுக் குழம்பு வைக்க எவள் துணிவாள்? கடைசியில் வாய்க்கால் கரைக் களிமண்ணை வெட்டிவந்து, இரண்டு நாள் ஊறப்போட்டு, காலால் மிதித்து வேலையைத் தொடங்கினோம்.

அடுப்பு கட்டச் சொல்லிக்கொடுப்பது என்றால் ஏதோ ஒரு படத்தைக் காட்டி அளவைச் சொல்லிவிட்டுப் போகிற காரியம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. அந்தப் பாடம் எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்பதை அந்த ஊர்ச் சமையற்கட்டிலிருந்தே பார்க்கலாம்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபிறகு பெகு சமவெளியும் ஐராவதிக் கழிமுகமும் காடு வெட்டி நெல்வயலாயின. செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், நம்மூர் ஏழைகள் கப்பலேறிக் கூலிக்கு வந்தார்கள். 1942இல் ஜப்பான்காரனுக்கு அஞ்சி நடந்தே போனவர்கள் போக, 1963, 64இல் வங்கியும் கடையும் அரசுடைமையானபோது கப்பலேறியவர்கள் போக, மிஞ்சி நின்றவர்களில் பலர் வயலைத் தவிர வேறு கதியில்லாதவர்கள். பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் நெல்லும் உளுந்தும் போடுகிறார்கள். பிள்ளைகளின் பேச்சில் பாதிக்கு மேல் பர்மியம். சமையலில் மட்டும் இரண்டு ஊரும் சரிபாதி.

பர்மாவில் 2014இல் எடுத்த குடிக்கணக்கின்படி நூற்றுக்கு 69 குடும்பங்கள் சமைத்தது விறகில். இன்னும் 12 பேர் கரியில். மின்சாரத்தில் சமைத்தவர்கள் 16 பேர், அதுவும் பெரும்பாலும் நகரத்தார். நடுவில் காஸ் சிலிண்டர் கொஞ்சம் பரவியது. ரங்கூனில் மின்னடுப்பு வாங்காத வீடு குறைவு என்னும் நிலை வந்தது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கரண்டு இத்தனை மணிக்கு வரும், இத்தனை மணிக்குப் போகும் என்று அட்டவணை போட்டு வாழப் பழகிவிட்டோம். மின்னடுப்புக்குப் பக்கத்தில் பழைய கரியடுப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. கிராமத்துக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி. அங்கே விறகு விட்டுப்போனதே இல்லை.

விறகு என்றதும் காட்டு மரம் என்று எண்ணிவிடக் கூடாது. நெல்வயல் நடுவில் காடு எங்கே இருக்கிறது? வேலிக் கிளை, மூங்கில் வேர், தென்னை மட்டை, துவரை மார், பால் வற்றி வெட்டிப்போட்ட ரப்பர் மரம், இவைதான் அடுப்புக்கு வருவது. போதாததற்கு விலைக்கு வாங்குகிறார்கள். கரியும் கறியும் மீனும் பர்மாவில் எடை போடுவது ‘விஸ்’ கணக்கில். அது நம்முடைய வீசைதான். ஆங்கிலேயன் வாயில் தேய்ந்து விஸ் ஆனது. நம் சென்னைப் பக்கத்துப் பழைய வீசை 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. கடலைத் தாண்டினால் எல்லாம் கொஞ்சம் பெருக்கும்போலும்.

சரி, அடுப்புக்கு வருவோம். அங்கே முக்கால்வாசி வீட்டில் இருப்பது மூன்று கல்லைக் கூட்டி வைத்த முக்கல் அடுப்பு, அல்லது மண்ணில் குழைத்து மூன்று குமிழ் வைத்த அடுப்பு. கொஞ்சம் வசதியான வீட்டில் பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. சோறு வேகும்போது அந்தக் கொடியில் ரசம் சுடும். இந்த அடுப்புகள் எவ்வளவு விறகை வீணாக்குகின்றன?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 300 கிலோஜூல் சூடு வேண்டும். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் இருப்பது சுமார் 16,000 கிலோஜூல். அப்படியானால் ஒரு லிட்டர் கொதிக்க 20 கிராம் விறகு போதும். சுண்டுவிரல் பருமனில் ஒரு சாண் நீளச் சுள்ளி, ஒன்றே ஒன்று! நாம் எத்தனை வைக்கிறோம்? முக்கல் அடுப்பில் சூட்டில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. ஆக, ஏழிலிருந்து பத்துச் சுள்ளி. மற்றதெல்லாம் எங்கே போகிறது?

புகையாகப் போகிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாதி சரி, அதிலும் சின்னப் பாதி. புகை என்பது எரியாத விறகு. விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஆவியாக வெளியே வரும். அந்த ஆவி பற்றி எரிவதுதான் சுடர். அறுநூறு டிகிரிக்கு மேல் சூடும், போதுமான காற்றும் கிடைத்தால் முழுக்க எரியும். கிடைக்காவிட்டால் கண்ணைக் கரிக்கும் புகையாகிக் கூரையில் ஒட்டடை கட்டும். ஆனாலும் முக்கல் அடுப்பில்கூட விறகின் சூட்டில் பெரும்பங்கு எரிந்து வெளிவந்துவிடுகிறது. எரியாமல் போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மையான நட்டம் அதற்குப் பிறகு. எரிந்த சூடு பாத்திரத்தைத் தொடாமலே பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. ஒரு காற்றடித்தால் போதும், சுடர் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து குழம்புச் சட்டிக்குப் பதிலாகச் சுவரைச் சமைக்கும்.

இந்த இரண்டு நட்டத்தையும் குறைக்க வேண்டும், ஆனால் ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். சூடு நன்றாகப் பிடிக்கட்டும் என்று பாத்திரத்தைத் தணலுக்கு நெருக்கமாக இறக்கினால், குளிர்ந்த பாத்திரத்தில் மோதிச் சுடர் பாதியில் அணைந்து புகை பெருகும். புகை குறையட்டும் என்று பாத்திரத்தை உயர்த்தினால், சூடு இடுக்கு வழியே போய்விடும். அடுப்பு வடிவமைப்பவர்கள் பல வருடம் முட்டிமோதியது இந்தச் சந்தில்தான். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் 1980களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். ஆங்கில எல் எழுத்துப்போல ஒரு குழாய். கீழ் வாயில் விறகு. நிமிர்ந்த கழுத்தில் சுடர். சுடர் கழுத்துக்குள்ளேயே ஏறி முழுக்க எரிந்துவிடும். எரிந்து முடிந்த சூட்டுக் காற்று மேலே வந்து பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் ஒரு சின்ன இடுக்கு வழியே உரசிக்கொண்டு போகும். எரிவது ஓரிடம், சுடுவது ஓரிடம். ராக்கெட் அடுப்பு என்று அதற்குப் பேர் வந்தது. ராக்கெட்டுக்கும் அதற்கும் உறவு அந்த ‘உஸ்’ சத்தம் மட்டும்தான்.

இதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நம்பவே முடியாமல் இருந்தது சுவர் விஷயம். மண் சுவர் தடிமனாக இருந்தால் சூடு வெளியே போகாது என்பது அத்தனை பேரின் அனுபவ ஞானம். எனக்கும் அப்படித்தான். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப்பார்த்தால் கதகதவென்று இருக்கும். “என்னமா சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கு” என்று மெச்சிக்கொள்வோம். அந்தக் கதகதப்பு முழுக்க நம் விறகு! கனமான மண் சூட்டைத் தடுப்பதில்லை, குடிக்கிறது. சுவர் வயிறு நிறையக் குடித்தபிறகே சோற்றுப் பானைக்கு மிச்சம். நாள் முழுக்க எரியும் டீக்கடை அடுப்புக்கு அது பெரிய நட்டமில்லை. அரை மணி, முக்கால் மணி எரியும் வீட்டு அடுப்புக்குத்தான் அடி.

இதைப் பெரிய ஆட்களே தப்பாகக் கணித்திருக்கிறார்கள். 1976இல் குவாதமாலாவில் பூகம்பம் வந்தபிறகு லொரேனா என்ற கனமான மண் அடுப்பை ஊர் ஊராகக் கட்டிக்கொடுத்தார்கள். சேறும் மணலும் என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களை ஒட்டி வைத்த பேர் அது. பார்க்க அழகு, புகைபோக்கி உண்டு. பிறகு விறகை நிறுத்துச் சோதித்தபோது சில சோதனைகளில் அது முக்கல் அடுப்பைவிடக் கூடுதலாகவே விறகு தின்றது. புகை வீட்டுக்குள் வராததால் விறகும் மிச்சம் என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

சூட்டைத் தடுப்பது மண்ணல்ல, மண்ணுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று. அதனால் சுடர் படும் உள்சுவரில் காற்றுத் துளைகள் வேண்டும். அதற்குப் பெகுவில் காசு கொடுக்க வேண்டியதில்லை, உமி இருக்கிறது. நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். களிமண்ணும் உமியும் கூடைக்குக் கூடை கலந்து பிசைந்து உள்சுவர் வைத்தால், அடுப்பு எரிய எரிய உமி உள்ளேயே எரிந்து துளையாகிவிடும். எரிந்த உமியின் சாம்பலும் லேசானது, பெரும்பாலும் சிலிக்கா. அதுவும் சூட்டைக் கடத்தாது. வெளிச்சுவருக்கு வைக்கோல் வெட்டிப் போட்ட சாதாரண மண் போதும்.

குழாய் வடிவம் எப்படி எடுப்பது? தகரக் குழாய் வைத்தால் ஒரு வருடத்தில் கருகி உதிரும், விலையும் கூட. வந்த பெண் காட்டியது உகாண்டாவில் பழகிய முறை. நேராக வளர்ந்த வாழை மரத்தில் இரண்டு துண்டு வெட்டினாள். குறுக்களவு நம் விரலால் ஏழெட்டு விரற்கிடை. ஒன்றைப் படுக்கவைத்து, அதன் முனையில் மற்றதை நிமிர்த்தி, மூங்கில் குச்சியால் குத்தி நிறுத்தினாள். சுற்றிலும் உமிமண்ணை உருண்டை உருண்டையாக அடித்துச் சாத்தினோம். அடித்துத்தான் சாத்த வேண்டும், தடவினால் உள்ளே காற்றுப்பை நின்று பிறகு அங்கேதான் வெடிக்கும். அத்தை ஒவ்வொரு உருண்டையையும் எறிந்தார், அப்பளக்கட்டையால் தட்டினார். மேலே பானையின் அடியை வைத்து அழுத்தி, அரைச் சுற்று திருகி, குழி எடுத்தார். பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடுக்கு, மூன்று குமிழ். அப்புறம் இரண்டு வாரம் நிழலில் காயல். அதற்குள் வாழைத் துண்டு சுருங்கிவிடும்; உருவியெடுத்தால் உள்ளே வழவழப்பான குழாய். உருவ வராததை அப்படியே விட்டுத் தீ மூட்டினாலும் கருகிப்போகும்.

முதல் நாள் சோதனை கேலிக்கூத்தாகிவிட்டது. பழைய அடுப்பில் ஒருத்தி, புது அடுப்பில் ஒருத்தி. ஒரே அளவு அரிசி, ஒரே மாதிரிப் பானை. சமைக்குமுன் விறகை நிறுத்து, முடிந்ததும் மிச்சத்தை நிறுத்துக் கழிப்பது. முறை சரியானதுதான். அடுப்புக்கு நடக்கும் பரீட்சையில் இதைவிட நேர்மையானது இல்லை. ஆனால் புது அடுப்புதான் அதிகம் தின்றது! பழைய அடுப்புக்காரி அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தாள். காரணம் வேறொன்றுமில்லை, அடுப்பின் வயிற்றில் இன்னும் ஈரம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் போய்விடும்; சுவர் காய்வதற்கே நாம் விறகு போட்டுக்கொண்டிருந்தோம். பத்து நாள் கழித்து மறுபடி நிறுத்தபோது கதை மாறிவிட்டது.

ஈரம் விறகிலிருந்தாலும் அதே தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லையும் உண்டு. ஈர விறகு தண்ணீரை ஆவியாக்கச் சூட்டைத் தின்பது ஒரு பக்கம். சுடரைக் குளிரவைத்து அந்த அறுநூறு டிகிரியை எட்டவிடாமல் செய்வது இன்னொரு பக்கம். எவ்வளவு நல்ல அடுப்பும் ஈரக் கட்டையை வைத்தால் புகையத்தான் செய்யும். பெகுவில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டும். ஆறு மாதம் விறகு காய வழியில்லை. அதனால்தான் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்கினார்கள். புகைபோக்கி வைத்துப் புகையை வெளியே தள்ளும்போது பரணுக்குப் போகிற சூட்டையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம் என்பதைப் பயிற்சி கொடுப்பவர்கள் யோசிப்பதே இல்லை. கூரை ஓலையில் பூச்சி அரிக்காமல் காப்பதும், தொங்கவிட்ட கருவாட்டைக் கெடாமல் வைப்பதும் அந்தப் புகைதான் என்பது ஊரார் கணக்கு. புகை கெட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வீட்டில் நாலு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வேலைக்காரனை நிறுத்துமுன் அந்த வேலையை யார் பார்ப்பது என்று கேட்க வேண்டாமா?

புகைபோக்கிக்கு அங்கே இன்னொரு தடையும் உண்டு. கூரை ஓலை, சுவர் மூங்கில் தட்டி. கோடையில் ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். ஓலைக்கூரையைத் துளைத்துச் சூட்டுக்குழாய் விடச் சொன்ன ஆளை நானே பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. புகைபோக்கி இல்லாமல், நன்றாக எரியும் அடுப்பும் மேல் தட்டியில் அகலமான திறப்பும் வைப்பதே அந்த வீடுகளுக்கு ஏற்றது. கால் வைத்துத் தூக்கிய மர வீடு என்றால் அடுப்புக்குக் கீழே மரச்சட்டத்தில் ஒரு சாண் உயரம் மண் நிரப்பியாக வேண்டும்.

கட்டிக்கொடுக்காமல் வாங்கிக்கொடுத்தால் என்ன? அதுவும் நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு வண்டி நிறையத் தகர அடுப்பு கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துப் போனது. அளவெடுத்தவர் நாலு பேர் குடும்பத்துக்கு எடுத்திருப்பார். எங்கள் வீடுகளில் எட்டுப் பேர். பானை உட்காரவில்லை. சோறு வடிக்கப் பானையைச் சாய்த்தால் அடுப்பும் சேர்ந்து சாய்ந்தது. வாய் சின்னது, மூங்கில் வேர் நுழையாது; வெட்டித்தான் போட வேண்டும், வெட்ட யாருக்கு நேரம்? ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் எங்கள் வீட்டு அடுப்பில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குறை சொல்லக் கூடாது, கோழிக்கு அது பொருத்தமாக இருந்தது.

விலைக்கு வாங்கும் அடுப்பெல்லாம் அப்படியென்று நான் சொல்லவில்லை. பர்மாவிலேயே யெசின் வன ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ-1 என்ற சுடுமண் அடுப்பு உண்டு. குயவர் சூளையில் சுட்டது, விறகு போடும் வாயோடு வாளி வடிவில் இருக்கும். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் கழிமுகத்தில் ஏறத்தாழ 1,38,000 பேர் செத்தும் காணாமலும் போனார்கள். வீட்டோடு அடுப்பும் போன ஊர்களில், நாளைக்கே சோறு பொங்க வேண்டிய இடத்தில், மண் பிசைந்து இரண்டு வாரம் காயவிடு என்று சொல்ல முடியுமா? அங்கே சந்தை அடுப்புதான். துவான்டே போலக் குயவர் இருக்கும் ஊரை அடுத்து வசிப்பவர்களுக்கும் அதுவே வசதி. ஆனால் உடைந்தால் சந்தைக்குப் போக வேண்டும். கட்டிய அடுப்பு உடைந்தால் வாய்க்காலுக்குப் போனால் போதும்.

இந்த ‘உடைந்தால்’ என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. இந்தியாவில் 1980களின் நடுவிலிருந்து 2002 வரை மத்திய அரசே மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தி மூன்று கோடிக்கு மேல் அடுப்பு கட்டிக்கொடுத்தது. பின்னாளில் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை பயனில் இல்லை. ஒடிசா கிராமங்களில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆயிரக்கணக்கான வீடுகளை நாலு வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. புகைபோக்கி வைத்த மண் அடுப்பு கட்டியதும் முதல் வருடம் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கே வந்துவிட்டது. விரிசல் விட்டதைப் பூசவில்லை, குழாயைத் துடைக்கவில்லை, பாதிச் சமையல் பழைய அடுப்பிலேயே நடந்தது. அடுப்பு கெட்டதல்ல, கெட்டால் சரிசெய்யத் தெரிந்த கை அந்த வீட்டில் இல்லை.

கொத்தனார் வந்து கட்டிக்கொடுத்த அடுப்பில் விரிசல் விட்டால் கொத்தனாருக்காகக் காத்திருப்பார்கள். தானே கட்டிய அடுப்பு என்றால் மறுநாள் காலை சாணி கரைக்கும்போதே ஒரு கை மண் எடுத்து அப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அடுப்பு வைப்பது தொன்றுதொட்டுப் பெண்கள் கைவேலை. குமிழ் வைக்கவும் மெழுகவும் யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. புதிதாகச் சொல்லித்தர வேண்டியது நாலைந்து அளவும், அந்த அளவு ஏன் என்பதும் மட்டும். வாய் இவ்வளவு அகலம், கழுத்து அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாத உயரம், விறகை நேரே தரையில் வைக்காமல் ஒரு தகரத் தட்டின்மேல் வை, தட்டுக்குக் கீழே காற்று போகட்டும். அந்தத் தட்டு எண்ணெய் டின்னை வெட்டியதுதான். சில மாதத்தில் கருகி ஓட்டையாகும். வேறொன்று வெட்டிச் செருக வேண்டும். ஏன் என்று தெரியாதவர்கள் தட்டு போனதும் தரையிலேயே விறகை வைத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். அன்றைக்கே அது ராக்கெட் இல்லை, வெறும் புகைக்குழி.

இரண்டு விஷயத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் வாயை அடக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று, நோய். வீட்டுப் புகையால் உலகில் வருடத்துக்கு 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020க்குக் கணக்கிட்டிருக்கிறது. அதனால் இந்த அடுப்பு வைத்தால் பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வராது என்று அடித்துச் சொல்கிறார்கள். மலாவியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளை வைத்து, மின்விசிறி பொருத்திய மிக நல்ல அடுப்பைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் நிமோனியா குறையவில்லை. அடுப்புப் புகை போனாலும் குப்பை எரிக்கும் புகை, பக்கத்து வீட்டுப் புகை, பீடிப் புகை எல்லாம் இருக்கிறதே. புகை பாதியாகக் குறைந்தால் நோயும் பாதியாகக் குறைந்துவிடும் என்று இல்லை. கண் எரிச்சல் குறையும், பானை கரி பிடிப்பது குறையும், விறகு மிச்சமாகும். இவை அவர்களே கண்ணால் பார்ப்பவை. அதைச் சொன்னால் போதும்.

மற்றது காடு. 2010க்கும் 2015க்கும் நடுவே பர்மா வருடத்துக்கு ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் காட்டை இழந்தது. உலகில் மூன்றாவது இடம். அதைத் துவரை மார் பொறுக்கும் கிழவி தலையில் கட்டுவது அநியாயம். காட்டைத் தின்றது மரவெட்டும் தோட்டமும் வயல் விரிவும். கரி வேறு கணக்கு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மண் மூடிய சூளையில் ஒரு கிலோ கரி எடுக்க ஐந்தாறு கிலோ விறகு போகிறது. விறகிலிருந்த சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கரியோடு மிஞ்சும். கழிமுகத்து அலையாத்திக் காடு பல காலம் ரங்கூன் அடுப்புக்குக் கரியாகப் போனது. ஆக, காட்டுக்கு நல்லது செய்ய நகரத்துக் கரியடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெகு கிராமத்துப் பெண் புது அடுப்பு வைப்பது விறகு வாங்கும் காசும் பொறுக்கும் நேரமும் மிச்சமாவதற்காக. அது சின்னக் காரணமா?

குறையில்லாத அடுப்பு என்று ஒன்று கிடையாது. ராக்கெட் அடுப்பில் சோறு சீக்கிரம் வேகும், குழம்பு கொதிக்கும். தோசை வராது. சூடு நடுவில் ஓர் இடத்தில் குவிவதால் கல்லின் நடு கருகும், ஓரம் மாவாகவே இருக்கும். வந்த பெண்ணுக்குத் தோசை புதிதல்ல, ரங்கூன் தெருவெல்லாம் தோசைதான். ஆனால் அவள் சுட்டதில்லை. கல்லுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பழைய தகர மூடியைப் போட்டுச் சூட்டைப் பரப்பிப் பார்த்தார்கள். சுமாராக வந்தது. அதனால் அத்தை வீட்டில் பழைய குமிழ் அடுப்பையும் இடிக்கவில்லை. தோசைக்கும் வெந்நீருக்கும் அது. ஒடிசாவில் நடந்ததும் இதுதானே என்று அறிஞர்கள் வருத்தப்படலாம். மூன்று வேளையில் இரண்டு வேளை புது அடுப்பில் நடந்தால் எனக்கு வருத்தமில்லை.

பழுது பார்க்கும் நாள் ஒன்றைப் பயிற்சித் தாளில் அச்சடித்திருந்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை, எங்களுக்குப் பொங்கல் இருக்கிறது. மழை நின்று, அறுப்பு முடிந்து, களத்தில் புது உமியும் வைக்கோலும் கிடக்கும் காலம். மண் காய வெயிலும் உண்டு. வீடு மெழுகுவதும் பொங்கலுக்கு மூன்று மண் கட்டி பிடிப்பதும் எப்படியும் நடக்கும். அந்த மண்ணிலேயே கொஞ்சம் கூடக் குழைத்தால் அடுப்புக்கும் ஆயிற்று. போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அத்தை அடுப்பை உடைத்தே போட்டுவிட்டுப் புதிதாக வைத்திருந்தார். வாழைத் துண்டு முன்னைவிடப் பருத்தது.

பழைய பயிற்சிக்காரப் பெண்ணும் அந்த வாரம் எதேச்சையாக வந்திருந்தாள். டேப்பை வைத்து வாயை அளந்தாள். “ஆன்ட்டி, அளவு தப்பாப் போச்சு, ரெண்டு விரல் கூட இருக்கு” என்றாள் பர்மியத்தில்.

“மூங்கில் வேர் நுழையணும்ல” என்றார் அத்தை. “கழுத்தையும் அளந்து பாரு. வாயை அகட்டினா கழுத்தையும் உசத்தணும்னு நீதானே சொன்னே. நாலு விரல் உசத்தியிருக்கேன்.”

அவள் கழுத்தை அளந்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த அளவை எழுதிக்கொண்டாள்.